மிக்ஸிக்கு நடுங்கும் பூனை: விட்டுவிடுவதா, ஒதுக்குவதா, பழக்குவதா?

போன பத்து நாளில் மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே சங்கடத்தோடு என்னிடம் வந்தார்கள்.

முதலில் வந்தவர்கள் காட்பாடியில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். அடுப்பும் படுக்கையும் அந்த ஒரே அறையில்தான். மிக்ஸி ஓடினால் பூனை பீரோவுக்குப் பின்னால் புகுந்துகொள்கிறது, சாயங்காலம் வரை வெளியே வருவதில்லை. அடுத்தது குடியாத்தத்தில் ஒரு அக்கா. வீட்டுக்குள்ளேயே லுங்கித் தறி. எடுத்து வந்து ஒரு வாரமான இரண்டு மாதக் குட்டி, தறிச் சத்தம் கேட்டாலே உடம்பைச் சுருட்டிக்கொண்டு நடுங்குகிறது. மூன்றாவது வீடு பாகாயத்தில். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஆயா வாக்கர் பிடித்து நடக்கிறார். வாக்கர் அசைந்ததும் பூனை அவர் காலுக்குக் குறுக்கே பாய்ந்து ஓடுகிறது. "பூனைய எங்கனா தூரமா வுட்டுட்டு வந்துடலாம்னு வூட்ல சொல்றாங்க, இன்னா பண்றதுன்னே தெரியல" என்று அந்த வீட்டு மருமகள் சொன்னபோது குரல் உடைந்திருந்தது.

மூன்று வீட்டுக்கும் அக்கம்பக்கத்தில் யோசனை சொல்ல ஆள் இருந்தார்கள். நாலு நாள் போனால் தானாகச் சரியாகிவிடும் என்றார் ஒருவர். பிடித்து வைத்துக் காட்டு, பயம் தெளிந்துவிடும் என்றார் இன்னொருவர். சத்தம் வரும்போது வேறு அறையில் போட்டுப் பூட்டு, தின்னக் கொடுத்துப் பழக்கு, மருந்து இருக்கிறது வாங்கு என்றும் சொன்னார்கள். நம்மிடம் இருக்கும் வழிகள் உண்மையில் இந்த ஐந்துதான். சத்துவாச்சாரியில் என் வீட்டில் இருக்கும் செவலை என்ற கடுவன் பூனைக்கு மருந்து தவிர மற்ற நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன், செய்யக்கூடாத ஒன்றையும் சேர்த்து. எந்த வழி எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

## பயமா, வலியா?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வருடக்கணக்காக மிக்ஸிப் பக்கத்திலேயே தூங்கிய பூனை திடீரென்று பயப்பட ஆரம்பித்தால், மிக்ஸியை விட்டுவிட்டுப் பூனையைக் கவனியுங்கள். பல்வலி, காதில் சீழ், மூட்டு வலி, வயதான பூனையானால் பார்வை மங்குவது, இவை எல்லாமே வெளிப் பார்வைக்குப் பயமாகத்தான் தெரியும். வலிக்கும் உடம்பு சத்தத்தைத் தாங்காது. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்து மேலே படியுங்கள்.

பயந்த பூனை சாப்பாட்டை நிறுத்தினால் அதுவும் அவசரம்தான். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், உடம்பு கொஞ்சம் பருத்த பூனைக்கு இன்னும் எளிதாக. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பது இவற்றைத்தான்.

பொருளைச் சின்னதாக்க முடியுமா? இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். தொடப்பத்தை ஆட்டாமல் தரையில் கிடத்தலாம். மிக்ஸியை அணைத்து வைக்கலாம், தூரத்தில் வைக்கலாம், இரண்டே விநாடி ஓட்டலாம். குக்கர் விசிலை அப்படிப் பாதியாக்க முடியாது, வந்தால் முழுதாகத்தான் வரும்.

எப்போது வரும் என்பது நம் கையில் இருக்கிறதா? கிரைண்டர் நாம் போடும்போதுதான் ஓடும். பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷின் நம்மைக் கேட்டு ஓடாது.

பூனைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் எந்த வழியும் பலிக்காது.

வீட்டில் எல்லாரும் ஒத்துழைப்பார்களா? கூட்டுக் குடும்பத்தில் நீங்கள் மூன்று வாரம் பொறுமையாகச் செய்ததை, அவசரமாகச் சட்னி அரைக்க வரும் ஒருவர் ஒரே நிமிடத்தில் கலைத்துவிடலாம். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வேலை இருக்கிறது.

அந்தப் பயத்தால் யாராவது அடிபடுவார்களா? பாகாயத்து ஆயா வீட்டில் மற்ற கேள்விகளை எல்லாம் இது பின்னுக்குத் தள்ளிவிடும்.

செலவும் நாட்களும் அந்தந்த வழியோடு வருகின்றன.

பூனையின் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனைக்குச் சுமார் 48 முதல் 85,000 வரை கேட்கும். எலிக்குஞ்சின் மெல்லிய கீச்சொலியைப் பிடிப்பதற்காக அமைந்த காது அது. "இம்மாம் சின்ன சத்தத்துக்கு இன்னாத்துக்கு இப்படிப் பயந்துனு கீது" என்று என் அத்தை கேட்பார். நாம் கேட்கும் மிக்ஸியும் அது கேட்கும் மிக்ஸியும் வேறு வேறு. அதோடு பூனைக்குட்டி உலகத்தோடு பழகும் முக்கியமான பருவம் பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரைதான். அப்போது வீட்டுச் சத்தமே கேட்காமல் லாரி ஷெட்டில் வளர்ந்த செவலை, மூன்று மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்த எல்லாமே அவனுக்குப் புதிது. பிடிவாதத்துக்கோ செல்லத்துக்கோ அதில் இடமே இல்லை.

## தானாகச் சரியாகட்டும் என்று விடுவது

அசையாத, சத்தம் போடாத பொருளுக்கு இதுவே போதும். புது பீரோ, சோபா, தண்ணீர் கேன், மூலையில் சாத்திய குடை. தன்னைத் துரத்தாத பொருள் என்று பூனை தானே மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

ஆனால் "விடுவது" என்றால் ஒன்றுமே செய்யாமல் இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஒளிய ஒரு பெட்டி வேண்டும். நெதர்லாந்தில் ஒரு பூனைக் காப்பகத்தில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் புது இடத்துக்குப் பழகின. மளிகைக் கடையில் கேட்டால் கொடுக்கும் அட்டைப்பெட்டியே போதும். இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, உயரமான இடத்தில் வையுங்கள். ஒரே ஓட்டை இருந்தால் உள்ளே மாட்டிக்கொள்வோம் என்று சில பூனைகள் நுழையாது.

இந்த வழி வேலை செய்கிறதா என்று அறிய கடிகாரம் பாருங்கள். பயந்து ஓடிய பூனை எத்தனை நிமிடத்தில் திரும்பி வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். புது கேஸ் சிலிண்டர் உருட்டி வந்த நாளில் செவலை 40 நிமிடம் பரணில் இருந்தான். அடுத்த சிலிண்டருக்கு 15, அதற்கடுத்ததற்கு 5. இப்படிக் குறைந்துகொண்டே வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஒரு வாரமாகியும் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால், விட்டுவிடுவது அந்தப் பூனைக்குப் பொருந்தவில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று இதில் உண்டு. பயப்படும் பொருள் மண் தட்டுக்கு அருகிலோ சோற்றுத் தட்டுக்கு அருகிலோ இருந்தால், பூனை அந்தத் தட்டையே கைவிட்டுவிடும். வாஷிங் மெஷின் பக்கத்தில் மண் தட்டை வைத்துவிட்டு, பூனை மெத்தையில் மூத்திரம் போகிறது என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். மெத்தையைத் துவைப்பதற்கு முன் தட்டை இடம் மாற்றுங்கள்.

## பொருளை ஒதுக்குவது, அல்லது பூனையை ஒதுக்குவது

சின்னதாக்க முடியாத, ஆனால் நேரம் நம் கையில் இருக்கும் பொருளுக்கு இதையே சொல்வேன். குக்கர், கிரைண்டர் இரண்டும் இதில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாவு அரைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அரிசி ஊறும்போதே செவலையின் சாப்பாட்டைப் படுக்கை அறைக்கு மாற்றிவிடுவேன். அவன் உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது கதவு சாத்தப்படும், பிறகு கிரைண்டர் ஓடும். அதன் காலுக்கடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்ட பிறகு தரை வழியாகப் போகும் அதிர்வும் குறைந்தது. பூனை சத்தத்தைக் காதால் மட்டும் கேட்பதில்லை, பாதத்தாலும் உணர்கிறது. இந்த ஒரு விரிப்புக்கே பாதி நன்மை என்று சொல்லத் தோன்றுகிறது. குக்கருக்கும் இதே முறைதான். விசில் வரப்போகும் நேரம் நமக்குத் தெரியும், அதற்கு முன் கதவைச் சாத்துகிறேன். மூன்று வருடமாக விசிலுக்கு அவனைப் பழக்க நான் முயலவே இல்லை. அது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வழியின் குறை, பயம் அப்படியே இருக்கும். ஊரிலிருந்து உறவுக்காரர் வந்து, யாரோ கதவைத் திறந்து வைத்து, விசில் அடித்தால் பழையபடி ஓட்டம்தான்.

வேலூரில் இருப்பவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மூடிய அறையில் பூனையைப் போட்டுவிட்டுப் போனால், கரண்ட் போய் ஃபேன் நின்றதும் அறை கொதிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையிலும் மாடிக் கூரையை ஒட்டிய பரணிலும் கோடைப் பகலில் பூனையை அடைக்கவே கூடாது. தண்ணீர்க் கிண்ணம் உள்ளே இருக்க வேண்டும், வேலை முடிந்த நிமிடமே கதவு திறக்க வேண்டும். வாயைத் திறந்து நாயைப் போல மூச்சு வாங்கும் பூனை வெப்பத்தில் தவிக்கிறது, உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி மருத்துவரை அழையுங்கள்.

## தின்னக் கொடுத்துப் படிப்படியாகப் பழக்குவது

நேரம் அதிகம் எடுப்பதும் இதுதான், நிலைத்து நிற்பதும் இதுதான்.

இதன் வேர் எனக்கு மனசை உறுத்தும் ஒன்று. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் கூண்டில் பூனைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பயத்தை உண்டாக்கினார். அந்த அறையில் அவை சோறு தொடவில்லை. அதைப் போலவே இல்லாத வேறொரு அறையில் தின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அறையைப் போன்ற அறைகளில் உணவு வைத்து, கடைசியில் அதே கூண்டிலேயே தின்னும் அளவுக்குக் கொண்டுவந்தார். 1958இல் இதை வைத்து மனிதர்களின் பயத்துக்கான சிகிச்சை முறையை எழுதினார். லிஃப்டுக்கும் விமானத்துக்கும் பயப்படுபவர்களுக்கு மருத்துவர்கள் இன்றும் செய்வது அதன் வழி வந்ததுதான். அந்தப் பூனைகள் பட்ட வேதனைக்கு நம்மால் ஈடு கட்ட முடியாது. அவற்றிடமிருந்து கிடைத்ததைப் பூனைகளுக்காகவே ஒழுங்காகப் பயன்படுத்தலாம்.

மிக்ஸிக்கு நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, ஒவ்வொரு துண்டும் கொண்டைக்கடலை அளவு. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பதும் ஆகாது. கால் கிலோ கோழி இரண்டு வாரத்துக்கு வந்தது, பிரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டேன். தினம் ஒருமுறை, அவன் பசியோடு இருக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல்.

முதல் நான்கு நாள் மிக்ஸி ஹாலில் சும்மா இருந்தது, பிளக் இல்லாமல். அவன் பத்தடி தூரத்தில். அவன் அதைப் பார்ப்பான், நான் ஒரு துண்டு போடுவேன். பார்ப்பான், இன்னொரு துண்டு. அடுத்து ஜார் மூடி மூடும் சத்தம். அதற்கடுத்து வெறும் ஸ்விட்ச்சின் "டக்". இரண்டாவது வாரக் கடைசியில் மிக்ஸியை வீட்டின் பின்பக்கத் துவைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, என் கணவர் இரண்டே விநாடி ஓட்டினார். நான் முன் ஹாலில் செவலையோடு உட்கார்ந்திருந்தேன். காது பின்னால் திரும்பியது, உடம்பு தாழ்ந்தது, ஆனால் கோழியைத் தின்றான். அந்த ராத்திரி எங்கள் இருவருக்குமே சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை.

பிறகு கதவு ஒருக்களித்து, பிறகு திறந்து, பிறகு மிக்ஸி ஒவ்வொரு தடவையும் இரண்டடி கிட்டே. தின்றால் அதே படியை அடுத்த நாளும் செய்து, பிறகு ஒரு படி ஏறுவது. தின்னாவிட்டால் அது சொல்லும் பதில் தெளிவு, ஒரு படி இறங்க வேண்டும். கண்மணி முழுக்க விரிந்து கறுத்தால், காது பக்கவாட்டில் படிந்தால், வால் வயிற்றுக்கு அடியில் போனால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

முறை மாறினால் எல்லாம் கெடும். சத்தம் முதலில், கோழி பிறகு. கோழியைக் காட்டிக் கூப்பிட்டு, தின்னும்போது மிக்ஸியைப் போட்டால், பூனை கற்றுக்கொள்ளும் பாடம் "கோழி வந்தால் அந்தச் சத்தம் வரும்" என்பது. பிறகு கோழித் தட்டைக் கண்டாலே ஓடும். தெரியாமல் இதைச் செய்துவிட்டு, "என் பூனை கோழியே தின்ன மாட்டேங்குது" என்று வந்தவர்களும் உண்டு.

ஆறு வாரம் ஆனது. இப்போது மிக்ஸி ஓடும்போது செவலை ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்கு அது பிடித்துப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கண் அதிலேயேதான் இருக்கிறது. ஆனால் ஓடுவதில்லை, சத்தம் நின்றதும் நகத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பிக்கிறான். இதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

செலவு என்னவென்றால், அந்த ஆறு வாரமும் நிஜச் சட்னி ஒரு நாள்கூட அவன் காதருகே அரைக்கப்படக்கூடாது. பயிற்சியில் ஏறிய படி, காலை ஆறரைக்கு ஓடும் வேர்க்கடலைச் சட்னியில் சரிந்துவிடும். அதனால் அத்தை பின்பக்கம் போய்தான் அரைத்தார், செவலை முன் அறையில். அதாவது பழக்குபவர்கள் கூடவே ஒதுக்கவும் வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி, "ஆறு வாரம் மட்டும்" என்று கெடு சொல்லிக் கேளுங்கள். முடிவே இல்லாத உதவியைவிடக் கெடு உள்ள உதவியை மனிதர்கள் மனதாரச் செய்வார்கள்.

போனில் சத்தத்தைப் பதிவு செய்து மெல்ல ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் காதுக்காகச் செய்த ஸ்பீக்கரில் பூனைக்கு மட்டும் கேட்கும் உச்ச ஒலி வராது, அடிவயிற்றில் அதிரும் கனமும் வராது. போன் சத்தத்துக்கு அசையாத பூனை, நிஜ மிக்ஸிக்கு ஓடினால் ஏமாற்றமடையாதீர்கள்.

## பிடித்து வைத்துக் காட்டுவது

இது வேண்டாம். ஏன் என்பதற்கு என் கையே சாட்சி.

செவலை வந்த இரண்டாவது மாதம். அன்பாகக் கட்டிப்பிடித்துக்கொண்டால் பயம் போய்விடும் என்று நம்பி, இடது கையில் அவனை மார்போடு அணைத்தபடி வலது கையால் மிக்ஸியைப் போட்டேன். பின்னங்கால் இரண்டையும் என் முழங்கையில் ஊன்றி மணிக்கட்டு வரை கிழித்துவிட்டு, ஜன்னல் கம்பியில் மோதி, பரணில் ஏறினான். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போனேன். 0, 3, 7, 28 என்று நான்கு நாள். பூனை கீறி ரத்தம் வந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கை ஆறிவிட்டது. அதைவிட நாள் பிடித்தது வேறு. பதினோரு நாள் அவன் சமையலறை வாசலைத் தாண்டவில்லை, சோற்றைப் பரணுக்கே கொண்டுபோய் வைத்தேன். அதன்பிறகு ஒரு காலையில் கவனித்தேன். மிக்ஸி ஓடுவதற்கு முன்பே, ஸ்விட்ச்சின் "டக்" கேட்டதும் ஓடினான். இன்னும் சில நாளில் அத்தை தேங்காய் துருவ ஆரம்பித்ததுமே ஓடினான். தேங்காய், ஸ்விட்ச், மிக்ஸி என்று வரிசை அவனுக்குப் பிடிபட்டிருந்தது. ஒரு நாள் பிடித்து வைத்ததற்கு, அவன் பயம் ஒரு பொருளிலிருந்து மூன்று பொருளுக்குப் பரவியது.

சில பூனைகள் பிடித்து வைத்தால் ஓடாமல் அப்படியே உறைந்து போகும். "பாரு, அடங்கிடுச்சி" என்பார்கள். தப்ப வழியில்லை என்று உடம்பு கைவிட்ட நிலை அது. இதயம் அடித்துக்கொள்வதை விலாவில் கை வைத்தால் தெரியும்.

## டிஃப்யூசரும் மருந்தும்

பூனை தன் கன்னத்தைப் பொருளில் தேய்த்து விட்டுச் செல்லும் வாசனையைப் போலச் செயற்கையாகச் செய்து, கொசு லிக்விட் போலப் பிளக்கில் மாட்டும் டிஃப்யூசர்கள் விற்கின்றன. ஃபெலிவே தெரிந்த பெயர். ஒரு குப்பி சுமார் 30 நாள் வரும், 50 முதல் 70 சதுர மீட்டர் வரை போதும் என்பது கணக்கு. ஆய்வு முடிவுகள் கலந்தே இருக்கின்றன, சிலவற்றில் பலன், சிலவற்றில் இல்லை. நம் வீடுகளில் காற்றுக்காகக் கதவும் ஜன்னலும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். அந்தக் காசுக்கு நான் கோழி வாங்குவேன். வீடு மாறும்போது, மூடிய ஏசி அறையில் பூனை இருக்கும்போது, ஒரு துணையாக மட்டும் யோசிக்கலாம்.

மருந்து எல்லாவற்றுக்கும் கடைசி அல்ல. நாள் முழுக்க ஒளிந்தே கிடக்கும், தன் ரோமத்தையே பிய்த்துக்கொள்ளும் பூனைக்கு மருத்துவர் சீக்கிரமே தொடங்கச் சொல்லலாம். கபாபென்டின் என்ற மருந்து ஒரு குறிப்பிட்ட நாளுக்கானது, பயப்படும் நிகழ்வுக்கு இரண்டு மணி நேரம் முன்பு கொடுப்பார்கள், பூனை தள்ளாடும் என்பதால் அன்றைக்கு உயரத்தில் ஏற விடக்கூடாது. ஃப்ளுவாக்ஸெடின் என்ற இன்னொரு மருந்து தினமும் கொடுப்பது, பலன் தெரிய நாலு வாரத்துக்கு மேல் ஆகும், பழக்கும் பயிற்சியும் கூடவே வேண்டும். அளவை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். வீட்டு மாத்திரை டப்பாவைத் தொடாதீர்கள். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். மனிதர்கள் பதற்றத்துக்குப் போடும் டயஸெபாம் மாத்திரையை வாய்வழி கொடுத்துக் கல்லீரல் செயலிழந்து இறந்த பூனைகள் உண்டு.

## பொருள் வாரியாக

| பொருள் | சின்னதாக்க முடியுமா | நேரம் நம் கையிலா | என் தேர்வு |
|---|---|---|---|
| பீரோ, சிலிண்டர், பக்கெட் | தேவையில்லை | – | பெட்டி வைத்து விட்டுவிடுதல் |
| தொடப்பம், மாப் | முடியும் | ஆம் | பழக்குதல், இரண்டு வாரம் |
| மிக்ஸி | முடியும் | ஆம் | பழக்குதல், அதுவரை ஒதுக்குதல் |
| கிரைண்டர் | கொஞ்சம் | ஆம் | ரப்பர் விரிப்பு, ஒதுக்குதல் |
| குக்கர் விசில் | முடியாது | ஏறக்குறைய | ஒதுக்குதல் |
| ஏர்கூலர் | முடியும் | ஆம் | பழக்குதல், மார்ச்சிலேயே |
| வாக்கர், சக்கர நாற்காலி | முடியும் | இல்லை | முதலில் ஒதுக்குதல், பிறகு பழக்குதல் |

தொடப்பத்தைப் பற்றி ஒரு சொல். தொடப்பத்தைக் கண்டு மட்டும் ஓடும் தெருப்பூனையை யாரோ அதனால் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வீட்டில் தொடப்பத்தை ஓங்குவதே கூடாது, பல்லியை விரட்டக்கூட.

ஏர்கூலர் நம் ஊரில் தவிர்க்க முடியாதது. கத்திரி மே 4 வாக்கில் தொடங்கும்போது பழக்க ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும், அப்போது கூலர் நாள் முழுக்க ஓடியே ஆக வேண்டும். மார்ச்சில் பரணிலிருந்து இறக்கியதும் ஒரு வாரம் சும்மா நிற்கட்டும். அடுத்து பம்ப் இல்லாமல் குறைந்த வேகத்தில் ஃபேன் மட்டும், காற்று சுவர்ப் பக்கம் போகும்படி. தண்ணீர் கடைசியில். பூனைகள் சத்தத்தைவிட முகத்தில் அடிக்கும் காற்றையே அதிகம் வெறுக்கின்றன என்பது என் அனுபவம்.

## மூன்று வீட்டுக்கும்

காட்பாடிப் பிள்ளைகளுக்கு: ஒற்றை அறையில் தூரம் கிடைக்காது, ஆனால் உங்களுக்கு வாசல் இருக்கிறது. மிக்ஸியை வராந்தாவில் வைத்து ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் உள்ளே கோழியோடு இருக்கட்டும். இரண்டு பேர் என்பது இந்த வேலைக்குச் சரியான எண்ணிக்கை. பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சந்தை அடைக்காதீர்கள், அதன் மேலே ஒரு பெட்டி வையுங்கள். தரையில் ஒளிவதைவிட உயரத்திலிருந்து பார்ப்பது அதற்குத் தைரியம் தரும். தேர்வு நாட்களில் ஒரு வாரம் நின்றுபோனாலும் பரவாயில்லை, விட்ட படிக்கு இரண்டு படி கீழிருந்து தொடங்குங்கள்.

குடியாத்தத்து அக்காவுக்கு: தறி உங்கள் சோறு, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தறி இருக்கும் அறைக்கு மிகத் தொலைவான மூலையில் குட்டியின் பெட்டி, தண்ணீர், மண் தட்டு மூன்றும் இருக்கட்டும். நீங்கள் காலையில் தறியில் உட்காரும்போது முதல் பத்து இருபது தட்டு மெல்லத்தான் வரும். அந்த நேரத்தில் பிள்ளைகளில் ஒருவர் தொலைவில் குட்டிக்குக் கோழி கொடுக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தறி நின்றதும் குட்டி தானாகத் தறியருகே வந்தால் வரட்டும், தூக்கிக்கொண்டு போய் விடாதீர்கள். இரண்டு மாதக் குட்டிக்குக் கற்றுக்கொள்ளும் வேகம் பெரிய பூனையைவிட அதிகம். திரும்பி வரும் நிமிடங்களைக் குறித்து வையுங்கள், இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் சத்தம் இல்லாத வீட்டில் இருக்கும் உங்கள் தங்கையிடம் கொஞ்ச காலம் வளரட்டும்.

பாகாயத்துக்கு: ஆயா நடக்கும் நேரங்களில், கழிவறைக்கு எழுந்தாலும் சரி, பூனை ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இன்றைக்கே தொடங்குங்கள், இதில் விட்டுப்பிடிக்க இடமில்லை. ராத்திரியில் பூனை வேறு அறையில்தான் தூங்க வேண்டும். அடுத்து வாக்கரின் நான்கு காலிலும் உள்ள ரப்பர் குப்பியைப் புரட்டிப் பாருங்கள். தேய்ந்து அலுமினியம் டைல்ஸில் இடித்தால் அந்த "டங்" தான் பூனையை விரட்டுகிறது, ஆயாவுக்கும் அது வழுக்கும். மெடிக்கல் ஷாப்பில் புதுக் குப்பி கிடைக்கும். ஆயா தூங்கும் மதிய நேரத்தில் வாக்கரைப் பூனையின் அறையில் சும்மா நிறுத்தி, பக்கத்தில் கோழித் துண்டுகளைப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து நீங்களே அதைப் பிடித்து ஓரடி நகர்த்துங்கள், கோழி. பிறகு இரண்டடி, கோழி. நாலாவது வாரத்தில், ஆயா நாற்காலியில் உட்கார்ந்தபடி வாக்கரை ஒரு கையால் அசைத்து, மறு கையால் அவரே ஒரு துண்டு போடட்டும். பூனை நின்று தின்னும் நாள் வரை கதவு சாத்தியே இருக்கட்டும். வீட்டில் எல்லாரிடமும் இந்த நான்கு வாரத்தைக் கேட்டு வாங்குங்கள், எங்கேயாவது கொண்டுபோய் விடும் பேச்சை அதுவரை யாரும் எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.